எந்த ஊர்ச் சட்டம்? பெயின்ட்போலும் 'உண்மையான விளையாட்டு' என்ற கேள்வியும்

வன்னியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கிறவர்கள் திகதி, இடம், நுழைவுக் கட்டணம், பரிசு எல்லாம் போட்டுவிட்டு ஒரேயொரு விசயத்தை மறந்தால் போதும், தொலைபேசி ஓயாது. "அண்ணை, ஓவர் கேமோ செற்றப்போ?" இரண்டும் கரப்பந்துதான். பந்தும் வலையும் ஒன்று, சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆளும் ஒன்று. ஆட்டம் மட்டும் வேறு: செற்றப்பில் ஒருவர் வலைக்குக் கிட்டப் பந்தைத் தூக்கிக் கொடுக்க மற்றவர் அடிப்பார், ஓவர் கேமில் பந்தை நேரே அங்கால் அனுப்புவார்கள். ஓவர் கேமில் ஊறிய ஒருவரைத் திடீரென்று செற்றப் அணிக்குள் விட்டால் முதல் செற் முடியும்வரை முழிப்பார். அதற்காக ஓவர் கேம் விளையாட்டே இல்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னவர் அந்த மைதானத்தால் பத்திரமாக வீடு போய்ச் சேரவும் மாட்டார்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகன் ஒரு பின்னேரம் மைதானத்து மரத்தடியில் இருந்துகொண்டு போனில் ஒரு வீடியோ காட்டினான். புல்வெளி முழுக்கக் காற்றடித்த பெரிய தடுப்புகள். இரு முனையிலும் முகமூடி போட்ட ஐந்து ஐந்து பேர். மணி அடித்ததும் ஓட்டம், சறுக்கல், படபடவென்று சூடு. "மாமா, நான் விளையாடுற ஸ்போர்ட் இதுதான்" என்றான். பெயின்ட்போல்: சாய உருண்டையால் சுட்டு, பட்டவரை வெளியேற்றும் ஆட்டம்.

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பி.ரி. மாஸ்ரர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"ஒரு பக்கம் எத்தினை பேர்?"

"அது லீக்கைப் பொறுத்து, சேர்."

"எவ்வளவு நேரம்?"

"அதுவும் லீக்கைப் பொறுத்து."

"ஆர் வெண்டது எண்டு என்னெண்டு முடிவெடுக்கிறது?"

அவன் வாயைத் திறக்குமுன் மாஸ்ரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சட்டம் ஒண்டா இல்லாதது எப்பிடித் தம்பி விளையாட்டாகும்? உது பொழுதுபோக்கு."

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ மாஸ்ரர் சொன்னது பாதிதான் சரி என்று பட்டது. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பெயின்ட்போலைக் கண்ணால் காணாதவர்களுக்கும் விளங்கும்படி அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சொல், பல வேலை

குழப்பத்தின் ஒரு பங்கு எங்கள் மொழியிலேயே இருக்கிறது. பிள்ளை மண்சோறு காய்ச்சினாலும் விளையாட்டு. ஒலிம்பிக்கில் ஓடினாலும் விளையாட்டு. "விளையாட்டுக்குச் சொன்னனான்" என்றால் கணக்கில் எடுக்காதே என்று பொருள். அதே சொல்தான் அமைச்சின் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது.

ஆகவே பெயின்ட்போல் விளையாட்டா என்று கேட்டால், யார் கேட்கிறார் என்று முதலில் பார்க்கவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மாஸ்ரர் கேட்பது வேறு: இதில் உடலும் திறமையும் வேலை செய்கின்றனவா, வெற்றி தோல்வியைச் சண்டை பிடிக்காமல் தீர்க்கலாமா? பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தர் கேட்டால் இன்னொன்று: இதற்குப் பதிவுபெற்ற தேசியச் சங்கம் உண்டா, எந்தத் தலைப்பின் கீழ் காசு ஒதுக்குவது? இலங்கையில் தேசிய விளையாட்டுச் சங்கங்களின் பதிவு 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை கோப்பில் இருக்கும். மாஸ்ரருடைய கேள்விக்கு விடை மைதானத்தில்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழைப்பதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதேயில்லை.

மரத்துக்கும் மாட்டுக்கும் அடித்த பெயின்ட்

வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவது எங்களுக்குத் தெரிந்த வேலை. பட்டி மாடு காட்டுக்குள் கலந்தாலும் குறியைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் காட்டு உத்தியோகத்தர்களுக்கும் பெரிய பண்ணைக்காரருக்கும் இதேபோல ஒரு தேவை இருந்தது. வெட்டவேண்டிய மரம் ஓடைக்கு அப்பால் நிற்கும், பிரிக்கவேண்டிய மாடு கிட்டப் போனால் ஓடும். அவர்களுக்காக நெல்சன் என்ற பெயின்ட் கம்பனி, தூரத்தில் நின்றே சாய உருண்டை அடிக்கும் ஒரு கருவியை விற்றது. நெல்ஸ்பொட் 007 என்று பெயர். உருண்டையின் மேலுறை மருந்துக் குளிசைக்கு மேலே இருக்குமே, அந்த ஜெலற்றின்தான். ஆரம்பத்தில் அதைச் செய்துகொடுத்ததும் குளிசை உறை செய்கிற ஒரு கம்பனியே.

அது விளையாட்டானது ஒரு வாக்குவாதத்தால். காட்டுக்குள் தனியே விட்டால் தப்பிப் பிழைப்பவன் நகரத்தானா, காட்டுப்பக்கத்தானா? பங்குச்சந்தைத் தரகரான ஹேய்ஸ் நோயலுக்கும் எழுத்தாளர் சார்ள்ஸ் கெய்ன்ஸுக்கும் இடையில் எழுந்த பேச்சு இது. பொப் கேர்ன்சி என்ற நண்பரும் சேர்ந்துகொள்ள, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் இந்தக் கருவியோடு காட்டுக்குள் இறங்கினார்கள். பல இடங்களில் வைத்திருந்த கொடிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒருவரிடமும் அடி வாங்காமல் வெளியே வரவேண்டும். வென்றவர் ரிச்சி வைற். காடு பார்க்கிறதே அவருடைய தொழில். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 'வன்னிக் காட்டான்' என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் பகிடி வாங்கியவர்கள் இந்தப் பந்தியை இரண்டுதரம் வாசிக்கலாம்.

இன்னொரு பொருத்தம். அடுத்த மாதம், அதே 1981 ஜூலையில்தான் இலங்கைக்கு டெஸ்ட் கிரிக்கெட் அந்தஸ்து கிடைத்தது. ஒன்று நூற்றாண்டுகள் பழைய சட்டத்தோடு வந்தது. மற்றது காட்டுக்குள் 12 பேர் பேசி எடுத்த சட்டத்தோடு பிறந்தது.

எது எங்கும் ஒன்று, எது மாறும்

இன்று பெயின்ட்போலில் பயன்படும் வழமையான உருண்டை 0.68 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 17 மில்லிமீற்றர். பெடியள் விளையாடும் போளையைவிட அவ்வளவு பெரிதில்லை. பாரம் ஏறக்குறைய 3 கிராம். உள்ளே இருப்பது தண்ணீரில் கழுவினால் போகும் சாயம். கருவியை விளையாடுகிறவர்கள் 'மார்க்கர்' என்கிறார்கள், அடையாளம் இடுவது என்ற பொருளில். என் மருமகன் இதில் கண்டிப்பு. நான் துவக்கு என்று சொல்லும்போதெல்லாம் திருத்தினான்.

வேகத்துக்கு வழமையான மேல் எல்லை செக்கனுக்கு 300 அடி. மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சொயிப் அக்தர் போட்ட அதிவேகப் பந்தே 161.3 கிலோமீற்றர்தான். ஆனால் கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல், இது 3 கிராம். பட்டால் கண்டிப்போகும், எலும்பு முறியாது. கண்ணில் பட்டால் கண் போகும். ஆகவே முகமூடி இல்லாமல் மைதானத்துக்குள் காலே வைக்கமுடியாது. ஆட்டம் நின்றிருந்தாலும் கழற்றக்கூடாது. ஆடாத நேரம் மார்க்கரின் வாயை உறை போட்டு மூடவேண்டும். உருண்டையின் வேகத்தைக் கருவி வைத்து அளந்துதான் ஆளை உள்ளே விடுவார்கள். முகமூடிக்கென்றே தரநிர்ணயம் இருக்கிறது. இந்த விசயங்களில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதாவது, 'பெயின்ட்போலுக்குப் பொதுச் சட்டமே இல்லை' என்பது முழுப் பொய்யாகாவிட்டாலும் முக்கால் பொய். உயிரையும் கண்ணையும் காக்கிற சட்டம் பொதுவாகத்தான் இருக்கிறது.

மாறுவது மற்றவை. காட்டுக்குள் மரமும் பள்ளமும் மறைப்பாக ஆடுவது ஒரு வகை. காற்றடித்த தடுப்புகளை ஒரு சமதரையில் அடுக்கி, இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருக்கும்படி அமைத்து ஆடுவது ஸ்பீட்போல். மருமகன் போனில் காட்டிய வீடியோவில் இருந்தது அதுதான். நூற்றுக்கணக்கானோர் ஒரு கதையை வைத்துக்கொண்டு நாள்முழுக்க ஆடுவது மூன்றாவது வகை. 2000களில் அமெரிக்காவிலேயே இரண்டு பெரிய லீக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. ஒன்றில் அணிக்கு ஏழு பேர், மற்றதில் ஐந்து பேர். ஒன்றில் கொடி எடுத்துப் புள்ளி சேர்ப்பார்கள், மற்றதில் ஒரு குறித்த நேரத்துக்குள் திரும்பத் திரும்ப மோதி, உதைபந்தில் கோல் எண்ணுவதுபோல எண்ணுவார்கள். மார்க்கர் ஒரு இழுப்புக்கு ஒரு உருண்டைதான் விடலாமா, வேகவேகமாக இழுத்தால் தானே கூட்டிக்கொடுக்கலாமா என்பதிலும் லீக்குக்கு லீக் வேறுபாடு. கையில் இருக்கும் மார்க்கரில் பட்டால் ஆள் வெளியேற வேண்டுமா? ஸ்பீட்போலில் ஓம். சில காட்டு ஆட்டங்களில் இல்லை.

மாஸ்ரருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

ஒரே சட்டம் முதலில் வந்ததா, கடைசியில் வந்ததா?

ஆனால் அவருடைய வாதத்தை அவருடைய விளையாட்டுகளிலேயே வைத்துப் பார்ப்போம். உதைபந்தாட்டத்தை எடுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிள்ளை நடக்கப் பழகுவதே பந்துக்குப் பின்னால்தான். அதன் தாயகமான இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்துக் கழகம் 1858இல் தனக்கென்று ஒரு சட்டம் எழுதியது. லண்டனில் இருந்தவர்கள் 1863இல் வேறொன்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும்போது எந்தச் சட்டம் என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் பந்தைத் தொடவேண்டியிருந்தது. ஷெஃபீல்ட்காரர் லண்டன் சட்டத்துக்கு வந்தது 1877இல். ஆனால் எஃப்.ஏ. கிண்ணம் தொடங்கியது 1871இல். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 1872இல். கிண்ணமும் நாட்டுக்கு நாடு மோதலும் முதலில் வந்தன, ஒரே சட்டம் பிறகுதான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஷெஃபீல்டில் நடந்தது விளையாட்டில்லையா?

றக்பி இதற்கு நேர்மாறு. ஒன்றாக இருந்தது 1895இல் பிரிந்தது. ஒரு பக்கம் 15 பேரோடு போனது, மற்றப் பக்கம் பிறகு 13 பேராக்கிக்கொண்டது. இன்றுவரை சேரவில்லை. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

குத்துச்சண்டையில் தொழில்முறை உலகப் பட்டம் கொடுக்க நான்கு பெரிய அமைப்புகள் உண்டு. ஒரே எடைப்பிரிவில் ஒரே நாளில் நான்கு 'உலகச் சம்பியன்'கள் இருக்கலாம். அங்கே ஆண்களின் பட்டச் சண்டை 12 சுற்று, ஒலிம்பிக்கில் 3 சுற்று. கூடைப்பந்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஒரு கால்பகுதியை 12 நிமிடம் ஆட, உலகச் சம்மேளனம் 10 நிமிடம் ஆடுகிறது. மூன்று புள்ளிக் கோடுகூட ஒரே தூரத்தில் இல்லை.

கிரிக்கெட்டைச் சொல்லவே வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 1970களின் இறுதிவரை ஓர் ஓவருக்கு எட்டுப் பந்து. இன்று தேநீர்க்கடையில் கண் வெட்டாமல் பார்க்கிற ஐ.பி.எல்.லில் 2023 முதல் 'இம்பாக்ட் பிளேயர்' என்று ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்றுகிறார்கள். சர்வதேச ஆட்டத்தில் அது இல்லை. எங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் பந்து அடுத்த வளவுக்குள் விழுந்தால் ஆட்டமிழப்பு என்று ஒரு ஊரிலும், ஆறு ஓட்டம் என்று பக்கத்து ஊரிலும் இருந்ததை நானே ஆடிப் பார்த்திருக்கிறேன். கிணற்றுக்குள் விழுந்தால் என்ன என்பதற்கு எங்கள் ஊரில் தனிச் சட்டம் இருந்தது: அடித்தவன்தான் இறங்கவேண்டும்.

மாஸ்ரருக்கு நான் கடைசியாக வைத்திருந்தது கரப்பந்து. 1991 முதல் அது எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. இன்று உலகம் முழுக்க ஆறு பேர் என்கிறோம். ஆனால் ஆசியாவில் நெடுங்காலம் ஒன்பது பேர் கரப்பந்துதான் பரவலாக இருந்தது. 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஆறு பேர் ஆட்டமும் ஒன்பது பேர் ஆட்டமும் இரண்டுமே நடந்தன. ஒரே விழா, ஒரே பெயர், இரண்டு சட்டம். புள்ளி எண்ணும் முறையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் சேவிஸ் போட்ட பக்கத்துக்கு மட்டுமே புள்ளி, 15க்கு ஆட்டம். இப்போது யார் போட்டாலும் புள்ளி, 25க்கு ஆட்டம். மாஸ்ரர் ஆடியதும் இன்று பிள்ளைகள் ஆடுவதும் தாளில் எழுதிப் பார்த்தால் வேறுவேறு.

பட்டது, படேல்லை

அப்படியானால் எதை வைத்து அளப்பது? என் அளவுகோல் இது: இந்த ஆட்டத்தில், இந்த மைதானத்தில், தொடங்குமுன்னே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரு சட்டம் இருக்கவேண்டும். "நீ அவுட்" என்று ஒருவர் சொன்னால், பிடிக்காவிட்டாலும் வெளியே போகவேண்டும். அந்தச் சட்டம் அடுத்த ஊரிலும் அதேபடி இருக்கவேண்டும் என்பது நல்லதுதான், ஆனால் விளையாட்டாவதற்கு அது கட்டாயமில்லை.

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கிளி நடுக்கோட்டால் மட்டும் ஓடலாமா, சுற்றுக்கோட்டாலும் ஓடலாமா? ஒருவர் தொடுபட்டால் அவர் மட்டும் வெளியா, முழுப் பக்கமும் மாறுவதா? புது ஊருக்குப் போய் ஆடினால் முதல் கேள்வி "எந்த ஊர்ச் சட்டம்?" என்பதுதான். கேட்டுத் தெரிந்துகொண்டால் ஆட்டம் நடக்கும். கேட்காமல் இறங்கினால் கைகலப்பு நடக்கும்.

கிளித்தட்டின் தீராத வழக்கு இன்னொன்று: தொட்டேன், தொடவில்லை. சட்டை நுனியில் பட்ட விரலுக்குச் சாட்சி கிடையாது. கள்ளன் பொலிஸ் விளையாடும் பெடியளும் இதே இடத்தில்தான் அடிபடுவார்கள். "நான் சுட்டிட்டன், நீ செத்திட்டாய்." "இல்லை, படேல்லை!" உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் காலங்காலமாகப் பிடித்த சண்டை இது. பெயின்ட்போல் செய்தது என்னவென்றால், அந்தச் சண்டைக்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது. உருண்டை உடைந்து, ஒரு நாணயமளவு சாயம் உடம்பில் ஒட்டியிருந்தால் பட்டது. உடையாமல் துள்ளிப்போனால் படவில்லை. பக்கத்துத் தடுப்பில் உடைந்து தெறித்த சொட்டுகள் கணக்கில்லை. விளையாட்டு என்ற வகையில் இது சின்ன விசயமில்லை. கிளித்தட்டில் இல்லாத, கள்ளன் பொலிஸில் இல்லாத ஒரு அத்தாட்சி இங்கே இருக்கிறது.

மனிதன் சும்மா இருப்பானா? சாயத்தைத் துடைத்துவிட்டு ஆடுவதுதான் பெயின்ட்போலின் பெரிய கள்ளம். லீக்குகளில் இதற்குக் கடும் தண்டனை. துடைத்தவன் மட்டும் வெளியேறினால் போதாது, அவனோடு சேர்த்து அவனுடைய அணியில் இன்னும் ஒருவரையோ இருவரையோ நடுவர் இழுத்து வெளியே விடுவார். கூட்டாளியின் சாபம் நடுவரின் விசிலைவிட வேலை செய்யும். நடுவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஆட்டக்காரர்களுக்குள்ளேயே ஓடித்திரிந்து உடம்பைப் பார்ப்பார்கள், முதுகில் பட்டது பட்டவனுக்கே தெரியாது என்பதால்.

ஆகவே மாஸ்ரருடைய கேள்விக்கு என் விடை: லீக்கில் ஆடும் பெயின்ட்போல் விளையாட்டுத்தான், சந்தேகமில்லை. சனிக்கிழமை பிறந்தநாளுக்குப் பத்துப் பேர் காசு கட்டி முகமூடி வாடகைக்கு எடுத்து ஆடுவது? அது பொழுதுபோக்கு. கடற்கரையில் காற்சட்டையை மடித்துக்கொண்டு பந்து உதைப்பதும் பொழுதுபோக்குத்தான். அதனால் உதைபந்தாட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஐந்து கேள்வி கேட்கும் சம்மேளனம்

உலக மட்டத்தில் இதற்கு எழுத்தில் ஒரு வரையறை இருந்தது. சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் கூட்டமைப்பாக இருந்த ஸ்போர்ட்அக்கோர்ட் ஐந்து விசயம் கேட்டது. போட்டி இருக்கவேண்டும். அதிர்ஷ்டத்தை நம்பியதாக இருக்கக்கூடாது. ஆடுபவர் உடலுக்கு அளவுமீறிய ஆபத்து கூடாது. எந்த உயிருக்கும் தீங்கு கூடாது. ஒரே ஒரு கம்பனி கொடுக்கும் உபகரணத்தில் தங்கியிருக்கக்கூடாது.

இந்த ஐந்தில் 'உலகம் முழுக்க ஒரே சட்டம்' என்று ஒன்று இல்லை. நான் முதலில் வாசித்தபோது மாஸ்ரரிடம் ஓடிப்போய்க் காட்டவேண்டும் போலிருந்தது. போட்டி பெயின்ட்போலில் இருக்கிறது. தடுப்புகளைக் கண்ணாடி போல அமைப்பது அதிர்ஷ்டத்தைக் குறைக்கத்தான். ஆபத்துக்கு முகமூடியும் வேக எல்லையும் இருக்கின்றன. மார்க்கர் செய்யும் கம்பனிகள் பல. உயிருக்குத் தீங்கில்லை. இந்தக் கடைசி விசயத்தில் எங்கள் மாட்டுவண்டிச் சவாரியைக் கொண்டுபோய் நிறுத்தினால் துவரந்தடியைப் பற்றியும் ஆணித்தடியைப் பற்றியும் சங்கடமான கேள்விகள் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் வரையறைக்குள் வருவது வேறு, சபைக்குள் இருக்கை பெறுவது வேறு. சர்வதேச ஒலிம்பிக் குழு சதுரங்கத்தை 1999இல் அங்கீகரித்துவிட்டது. வியர்வையே வராத ஆட்டம். பெயின்ட்போல் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கேதான் ஒரே சட்டத்தின் தேவை உண்மையாகவே வருகிறது. பல நாடுகள் ஒரு கிண்ணத்துக்கு மோதவேண்டும், ஒரு நாட்டு அணிக்கு ஆள் தெரிவுசெய்யவேண்டும், பாடசாலைப் போட்டிக்குள் கொண்டுவரவேண்டும் என்றால், அணிக்கு ஐந்தா ஏழா என்று தெரிந்தாகவேண்டும். மாஸ்ரருடைய சரியான பாதி இதுதான். சட்டம் ஒன்றாகாதவரை அது விளையாட்டாக இருக்கலாம், பாடசாலை நேரசூசிக்குள் வரமுடியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். உதைபந்தின் சட்டத்தை வைத்திருப்பவர் பந்து விற்பவர் இல்லை. பெயின்ட்போலில் லீக்கை நடத்துவது பெரும்பாலும் தனியார் வியாபாரம். லீக் மூடப்பட்டால் அதன் சட்டமும் அதோடு போகிறது, அடுத்த லீக் வேறு சட்டத்தோடு வருகிறது. பல மைதானங்களில் உருண்டையை அங்கேயே, அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்கவேண்டும். ஒரு நிமிடத்தில் அதிக உருண்டை சுடலாம் என்ற சட்டம் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பெயின்ட்போலில் உறுத்துவது சட்டம் பல என்பதில்லை. அந்தச் சட்டங்களுக்குச் சொந்தக்காரர் யார் என்பதுதான்.

முகமூடி போட்ட ஆட்கள்

வன்னியில் இருந்து எழுதிக்கொண்டு இதைத் தாண்டிப் போகமுடியாது. மருமகன் வீட்டில் அதே வீடியோவைப் போட்டபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தா. "உதையேன் அப்பு பாக்கிறாய்" என்றா. அவ்வளவுதான். சுளகை எடுத்துக்கொண்டு பின்விறாந்தைக்குப் போய்விட்டா. 2009 மே வரை என்ன நடந்தது என்று அவவுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அவன் அதற்குப் பிறகு வீட்டுக்குள் அந்த வீடியோவைப் போடவில்லை.

காட்டு ஆட்டத்தைப் பற்றி அவன் ஆர்வமாகச் சொன்னபோது, எனக்கு முதலில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள்தான் ஞாபகம் வந்தன. மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இங்கே நடந்தது. காட்டுப் பாதையை விட்டு இறங்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இன்று வளர்ந்த ஆட்கள். அவர்களுக்கு மரத்துக்கு மரம் ஒளிந்து ஓடுவது விளையாட்டாகத் தெரிய இன்னும் ஒரு தலைமுறை எடுக்கலாம்.

ஆனால் இது வேறு கேள்வி. ஈட்டியெறிதல் போரிலிருந்து வந்தது, வாள்வீச்சும் அப்படித்தான். துப்பாக்கி சுடுதல் 1896இல் முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. போரை ஞாபகப்படுத்துவதால் ஒன்று விளையாட்டில்லை என்று ஆகாது. விளையாட்டு என்பதால் எங்கள் ஊரில் ஆடியே ஆகவேண்டும் என்றும் ஆகாது. அம்மாவுக்கு வரையறை சொல்லி விளங்கப்படுத்த நான் போகவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஷெஃபீல்ட், தோக்கியோ எல்லாவற்றையும் மாஸ்ரரிடம் கொட்டினேன். தோக்கியோவில் மட்டும் ஒருமுறை தலையாட்டினார். பிறகு மருமகனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உங்கட ரெபறிமாருக்கு ஆர் சம்பளம்?"

"லீக் குடுக்கும், சேர்."

"லீக்குக்கு ஆர் குடுக்கிறது?"

"டீம் கட்டுற காசு... பிறகு ஸ்பொன்சர். மார்க்கர் விக்கிறவை, பெயின்ட் விக்கிறவை."

"ம்" என்றார் மாஸ்ரர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் மைதானத்தில் ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். மருமகன் சப்பாத்தை இறுக்கிக்கொண்டு எழும்பினான். பள்ளிக்கூடத்தில் கரப்பந்து ஆடியவனாம். வலைக்குக் கிட்டப் போய் நின்று, பந்து தூக்கித் தருவார்கள் என்று கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தான். பந்து அவனுடைய தலைக்கு மேலால் நேரே அங்கால் போய்விட்டது.

"எட தம்பி!" மாஸ்ரர் மரத்தடியில் இருந்தே கத்தினார். "உது ஓவர் கேம்!"